முகவாதமும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்: ரத்தம் எவ்வளவு சொல்லும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் கோணியிருக்கிறது, ஒரு கண் மூட மறுக்கிறது. முகவாதம் பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகிறது. மருத்துவமனை ஆய்வகம் ஒன்றில் ரத்தப் பரிசோதனைகளைக் கவனிக்கும் என்னிடம், இந்த நோய் கண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் சில ஆண்டுகளாக ஒரு புதிய கேள்வியோடு வருகிறார்கள். ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ கூடினால் முக நரம்பு செயலிழக்கும் என்று படித்தோம், அதற்கான ரத்தப் பரிசோதனை உங்களிடம் உண்டா என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.

நேற்று இரவுதான் வாய் கோணியது. முதலில் எந்த ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

பரிசோதனைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு இன்றே மருத்துவரைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

முதலில் இது மூளைப் பக்கவாதம் அல்ல என்று உறுதியாக வேண்டும். முகத்தின் மேற்பாதிக்கு மூளையின் இரு பக்கங்களிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளைப் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றியை ஓரளவு சுருக்க முடியும். முக நரம்பே பழுதானால் நெற்றிச் சுருக்கமும் சேர்ந்து மறையும். கையோ காலோ வலுவிழந்தால், பேச்சுக் குழறினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது, 108ஐ அழையுங்கள். நெற்றிச் சோதனையை வீட்டிலேயே செய்துபார்த்து முடிவுக்கு வராதீர்கள். அது மருத்துவர் செய்ய வேண்டிய வேலை.

அடுத்தது ஸ்டீராய்டு மாத்திரை. நோய் தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அதன் பயன் நிரூபணமாகியிருக்கிறது. ஸ்காட்லாந்தில் 551 நோயாளிகளை வைத்து நடந்து 2007இல் வெளியான ஆய்வில், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களில் 94.4 சதவீதத்தினர் ஒன்பது மாதங்களில் முழுமையாகக் குணமடைந்தார்கள். பெறாதவர்களில் அது 81.6 சதவீதம். முகவாத மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான விடை வேறு எந்தக் கேள்விக்கும் கிடைக்கவில்லை.

மூன்றாவது, கண். மூடாத கண்ணில் கருவிழி காய்ந்து புண்ணாகும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் களிம்பு, தூங்கும்போது இமையை மூடி ஒட்டிக்கொள்வது, இருசக்கர வண்டியில் போகும்போது கண்ணாடி ஆகியவை எந்த ஆய்வக அறிக்கையையும்விட முக்கியம்.

ரத்தத்தில் ஒன்று பார்க்கலாம்: சர்க்கரை. ஸ்டீராய்டு அதை உயர்த்தும் என்பதால் மருத்துவருக்கு அந்த எண் தேவைப்படும். மற்றபடி, காரணம் தெரியாத முகவாதத்துக்கு வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் வேண்டியதில்லை என்றே அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவ அமைப்பின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

பெல்ஸ் பால்ஸி என்பதும் முகவாதம் என்பதும் ஒன்றா?

முகவாதம் பொதுப்பெயர். காதுக் கட்டி, காயம், அக்கி, நரம்புக் கழலை எதனாலும் வரலாம். காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாமல் திடீரென்று வருவதற்கு மட்டும் பெல்ஸ் பால்ஸி என்று பெயர். முகத்தின் நரம்புகளைப் பிரித்தறிந்து 1821இல் ஆய்வுரை தந்த சார்லஸ் பெல்லின் பெயர் அது. பாரசீக மருத்துவர் அல்-ராஸி அவருக்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே இந்த நோயை விவரித்து எழுதியிருக்கிறார். ஆண்டுதோறும் லட்சம் பேரில் ஏறக்குறைய 15 முதல் 30 பேருக்கு வருகிறது. இனி இங்கே முகவாதம் என்று எழுதுவதெல்லாம் இதைத்தான்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்றால் என்ன? மன அழுத்தமா?

இல்லை. இது வேதியியல். செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாராகும்போது, எதையும் தாக்கத் துடிக்கும் சில மூலக்கூறுகளும் உடன் பிறக்கின்றன. கிருமியை அழிக்க வெள்ளையணுக்கள் வேண்டுமென்றே அவற்றை உற்பத்தி செய்வதும் உண்டு. அவற்றை அடக்கிவைக்க உடலிடம் நொதிகளும் குளுட்டாதயோன் போன்ற பொருள்களும் இருக்கின்றன. தாக்குபவை பெருகி, அடக்குபவை போதாமல் போகும் நிலைக்கு 1985இல் ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மானிய உயிர்வேதியியலாளர் இந்தப் பெயரை வைத்தார்.

முகத்தின் நரம்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இந்த நரம்பு போகும் வழியைத் தெரிந்துகொண்டால் விடை தானாக விளங்கும். மூளைத்தண்டிலிருந்து புறப்படும் முக நரம்பு, காதின் பின்புற எலும்புக்குள் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் ஒன்றின் வழியாக வளைந்து நெளிந்து வெளியே வருகிறது. எலும்புக்குள் இவ்வளவு தூரம் பயணிக்கும் நரம்புகள் உடலில் மிகக் குறைவு. அந்தக் குழாயின் நுழைவாயில்தான் மிகக் குறுகிய இடம். அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, சுமார் 0.7தான்.

வேறு இடத்தில் ஒரு நரம்பு வீங்கினால் சுற்றியுள்ள தசை நெகிழ்ந்து இடம் கொடுக்கும். எலும்பு நெகிழாது. அதனால் வீக்கம் நரம்பின் மீதே திரும்பி அழுத்துகிறது. முதலில் மெல்லிய சிரைகள் அடைபட்டு ரத்தம் தேங்குகிறது. தேங்குவதால் வீக்கம் கூடுகிறது, பிறகு உள்ளே வரும் ரத்தமும் குறைகிறது. ஆக்சிஜன் பற்றாத செல்லின் ஆற்றல் கூடங்கள் தடுமாறி, தாக்கும் மூலக்கூறுகளைக் கசியவிடுகின்றன. ரத்த ஓட்டம் திரும்பும்போது அவை இன்னும் வேகமாகப் பெருகும். மாரடைப்பிலும் சிறுநீரக மாற்று அறுவையிலும் நன்றாக அறியப்பட்ட நிகழ்வு இது.

நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையின் உலர் எடையில் எழுபது சதவீதத்துக்கும் மேல் கொழுப்பு. கொழுப்பு ஆக்சிஜனேற்றத்துக்கு எளிதில் இரையாகும். ஒரு மூலக்கூறு தாக்கப்பட்டால் அது பக்கத்து மூலக்கூறைத் தாக்கும், இப்படியே சங்கிலியாகத் தொடரும். திறந்து வைத்த எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதும் இதே வேதிவினையால்தான்.

நரம்பை முதலில் வீங்கச் செய்தது எது? பெரும்பாலோர் சந்தேகிப்பது வாய்ப்புண் அக்கியை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸை. ஜப்பானில் 1996இல் வெளியான ஆய்வு ஒன்றில், அறுவை சிகிச்சை செய்யப்பட்ட 14 முகவாத நோயாளிகளில் 11 பேரின் நரம்புத் திரவத்தில் அந்த வைரஸின் மரபணு கிடைத்தது. ஆனால் எல்லாருக்கும் அதுதான் காரணம் என்று இன்னும் நிறுவப்படவில்லை.

ரத்தத்தில் எதை அளக்கிறார்கள்?

தாக்கும் மூலக்கூறுகளையே பிடித்து அளக்க முடியாது. அவற்றுள் கொடியதான ஹைட்ராக்சில், ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரம் வாழ்வதே அதிகம். ஊசி குத்தி ரத்தம் எடுத்து, குழாயைச் சுழற்றி, கருவியில் வைக்கும்வரை அது காத்திருக்காது. ஆகவே அது விட்டுச்சென்ற தடயங்களைத் தேடுகிறோம்.

கொழுப்பு சிதைந்ததன் தடயம் மலோன்டைஆல்டிஹைடு. தயோபார்பிடூரிக் அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும், நிறத்தின் அடர்த்தியை 532 நானோமீட்டரில் அளப்போம். மலிவான, பழைய முறை. குறையும் அதிலேயே இருக்கிறது. வேறு பல பொருள்களும் அதே நிறத்தைத் தரும். ஐசோபிராஸ்டேன் என்ற இன்னொரு கொழுப்புத் தடயம் 1990இல் கண்டறியப்பட்டது. நம்பகமானது, ஆனால் அதைச் சரியாக அளக்க நிறை நிறமாலைக் கருவி (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) வேண்டும். ஊர்தோறும் கிடைக்காது.

அடக்கும் தரப்பில் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூடேஸ், கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் என்று மூன்று நொதிகள். இவை சிவப்பணுக்களுக்குள்ளும் ஏராளம். ரத்தம் எடுக்கும்போது சில அணுக்கள் உடைந்தாலே, அணுக்களைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் திரவமான சீரத்தில் எண் தாறுமாறாக ஏறிவிடும்.

துருக்கியைச் சேர்ந்த ஓஸ்ஜான் எரெல், தனித்தனியே அளக்காமல் மொத்தமாக அளக்கும் இரண்டு முறைகளை 2004இலும் 2005இலும் வெளியிட்டார். ஒன்று அடக்கும் தரப்பைக் காட்டும் மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன், மற்றது தாக்கும் தரப்பைக் காட்டும் மொத்த ஆக்ஸிடன்ட் அளவு. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஆக்சிஜனேற்ற அழுத்தக் குறியீடு. புரதங்களில் உள்ள கந்தகக் கைகள் எத்தனை திறந்திருக்கின்றன, எத்தனை கோத்துக்கொண்டன என்று பார்க்கும் தயோல்–டைசல்ஃபைடு சமநிலை முறையையும் 2014இல் அவரும் சக ஆய்வாளரும் கொடுத்தார்கள். தானியங்கிக் கருவியில் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் இவை வேகமாகப் பரவின. முகவாதம் பற்றிய ஆக்சிஜனேற்ற ஆய்வுகளில் கணிசமானவை துருக்கி மருத்துவமனைகளிலிருந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

அந்த ஆய்வுகள் என்ன கண்டன?

பொதுவாகச் சொன்னால், முகவாதம் வந்தவர்களின் ரத்தத்தில் ஆக்சிஜனேற்றத் தடயங்கள் நலமாக இருப்பவர்களைவிடச் சராசரியில் கூடுதல். சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். நாற்பது நோயாளிகளையும் நாற்பது நலமானவர்களையும் ஒப்பிட்டுக் கிடைக்கும் சராசரி வித்தியாசம் அது. தனித்தனி ஆள்களின் எண்களைப் புள்ளிகளாக வைத்தால் இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து கிடக்கும். ஒரு புள்ளியை மட்டும் காட்டி இவர் எந்தக் கூட்டம் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

அழுத்தம் கூடியதால் முகவாதம் வந்ததா, முகவாதம் வந்ததால் அழுத்தம் கூடியதா?

நோய் வந்த பிறகு எடுத்த ரத்தம் இதற்கு விடை தராது. மூன்றாவது வாய்ப்பும் உண்டு: இரண்டையும் வேறொன்று உண்டாக்கியிருக்கலாம். சர்க்கரை நோய் முகவாத வாய்ப்பைக் கூட்டுகிறது, ஆக்சிஜனேற்றத் தடயங்களையும் கூட்டுகிறது. வைரஸ் தொற்றும் தடயங்களை ஏற்றும். புகைப்பதும் உடல் பருமனும் அப்படியே.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தடிமனில், மூன்று சென்டிமீட்டர் எலும்புக்குழாய்க்குள் நடக்கும் சேதம், ஐந்து லிட்டர் ரத்தத்தில் கலந்த பிறகு கையில் எடுக்கும் ஐந்து மில்லியில் தெரிய வேண்டும். ஒரு வீட்டுச் சமையலறைப் புகையை ஊர் முழுவதன் காற்றில் அளப்பது போன்றது. காற்றில் புகை இருக்கிறது என்று எண் சொல்லலாம், எந்த வீட்டுப் புகை என்று சொல்லாது. என் பார்வையில் இந்த ஆய்வுகளின் பெரிய தடை இதுதான். பல கட்டுரைகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

எனக்கு எண் அதிகமாக வந்திருக்கிறது. முகம் பழையபடி ஆகாதா?

அப்படிப் பொருள் கொள்ளாதீர்கள். ஏன் என்று ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஓர் ஆய்வில் நாற்பது நோயாளிகள், எல்லாரும் ஸ்டீராய்டு பெறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்து ஆய்வின் 94.4 சதவீதம் இங்கும் பொருந்தினால், குணமாகாமல் நிற்பவர்கள் இரண்டு அல்லது மூன்று பேர். அந்த இரண்டு மூன்று பேரின் ரத்தத்தை வைத்து ‘இந்த எண்ணைத் தாண்டினால் குணமாகாது’ என்று எல்லைக்கோடு போட முடியுமா? அவர்களில் ஒருவர் முந்தைய இரவு தூங்காதவராக இருந்தாலே கோடு நகர்ந்துவிடும். எதிர்காலத்தைச் சொல்லும் குறிப்பான் வேண்டுமென்றால் பல நூறு நோயாளிகளை ஒன்பது மாதமாவது பின்தொடர வேண்டும். ஓரிடத்தில் போட்ட கோட்டை வேறொரு மருத்துவமனையில் சோதித்தும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் குணமாகும் வாய்ப்பை எதை வைத்துக் கணிக்கிறார்கள்?

முகத்தைப் பார்த்துத்தான். 1985இல் வந்த ஹவுஸ்–பிராக்மன் அளவுகோல் முகத்தின் அசைவை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. ஒன்று இயல்பு, ஆறு முழுச் செயலிழப்பு. கொஞ்சமாவது அசைவு மிஞ்சியிருந்தால் நல்ல அறிகுறி. அசைவு எப்போது திரும்பத் தொடங்குகிறது என்பது அடுத்த அறிகுறி. டென்மார்க்கில் எரிக் பீட்டர்சன் எந்த மருந்தும் தரப்படாத 1,701 பெல்ஸ் பால்ஸி நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட முடிவுகளில், 85 சதவீதத்தினருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. முற்றிலும் இயல்பு நிலைக்கு வந்தவர்கள் 71 சதவீதம்.

அசைவே இல்லாதவர்களுக்கு நரம்பு மின்பரிசோதனை உதவும். அறுபட்ட நரம்பிழை சிதைந்து முடிய மூன்று நாள் பிடிக்கும் என்பதால் அதற்கு முன் செய்தால் ஏமாற்றும். இரண்டு வாரத்துக்குள் நலமான பக்கத்தோடு ஒப்பிட்டு, தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இழைகள் போய்விட்டனவா என்று பார்ப்பார்கள். சிதைந்த இழை மீண்டும் வளரும் வேகம் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். சிலருக்கு மாதக்கணக்கில் ஆவதன் காரணம் இந்த மெதுவான வளர்ச்சிதான்.

நியூட்ரோஃபில்–லிம்போசைட் விகிதம் என்று ஒன்று சொல்கிறார்களே?

இரண்டு வகை வெள்ளையணுக்களின் விகிதம் அது, ஓர் அழற்சிக் குறிப்பான். சாதாரண ரத்த அணு எண்ணிக்கையிலிருந்தே கணக்கிடலாம் என்பதால் அதைப் பற்றியும் நிறைய எழுதுகிறார்கள். ஸ்டீராய்டு ஒரு வேளை போட்டாலே சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் ஏறும், லிம்போசைட் இறங்கும். மாத்திரை தொடங்கிய பிறகு எடுத்த விகிதம் நோயைக் காட்டாது, மருந்தைத்தான் காட்டும்.

இரண்டு ஆய்வகங்களில் கொடுத்தேன், இரண்டு எண்கள் வந்தன. யார் தவறு செய்தார்கள்?

ஒருவேளை யாருமே தவறு செய்யாமல் இருக்கலாம். சர்க்கரைக்கு இருப்பது போல உலகம் ஒப்புக்கொண்ட ஒரே அளவுமுறை இவற்றுக்கு இல்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் வேதிப்பொருள் தொகுப்பும் ஒவ்வொரு எண் தரும். குழாயில் ரத்தம் காத்திருக்கும் நேரமே ஆக்சிஜனேற்றத்தை வளர்க்கும். உடனே பிரித்து, கழித்தல் 80 டிகிரியில் வைக்க வேண்டிய சீரத்தைச் சாதாரண உறைபெட்டியில் கழித்தல் 20இல் வைத்தால், நாள்பட அங்கேயும் கொழுப்பு சிதைந்துகொண்டிருக்கும்.

எங்கள் ஆய்வகத்துக்கு வந்த ஒரு பெரியவரின் அறிக்கையில் மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் வியக்கத்தக்க அளவு உயர்ந்திருந்தது. உணவு முறைதான் காரணம் என்று அவர் மகள் மகிழ்ந்தார். பார்த்தால் அவருக்கு யூரிக் அமிலம் மிகுதி, கீல்வாதக்காரர். அந்தச் சோதனையில் பெரும்பங்கு எண்ணைத் தருவதே யூரிக் அமிலமும் அல்புமின் என்ற ரத்தப் புரதமும்தான். கால் பெருவிரல் வீங்கி நிற்பவருக்கு ‘சிறந்த பாதுகாப்பு’ என்று அறிக்கை சொல்லக்கூடிய சோதனை இது. அன்றிலிருந்து யாராவது இந்த எண்ணைக் காட்டினால், யூரிக் அமிலம் எவ்வளவு என்று முதலில் கேட்கிறேன்.

ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எடுத்துக்கொண்டால் சீக்கிரம் குணமாகுமா?

எலிகளில் நம்பிக்கையூட்டும் முடிவுகள் உண்டு. முக நரம்பை இடுக்கியால் நசுக்கி, மெலடோனின், ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் போன்றவற்றைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அங்கே நசுக்குவது எலும்புக்கு வெளியே. மருந்து கொடுப்பது காயம் பட்ட வேளையிலேயே. அளப்பது நரம்புத் திசுவை. நமக்கு நோய் எலும்புக்குள், மருந்து ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, கையில் இருப்பது ரத்தம் மட்டும். மனிதர்களில் ஸ்டீராய்டுக்குக் கிடைத்த அளவு சான்று எந்த ஆன்டிஆக்ஸிடன்ட்டுக்கும் இல்லை.

‘நல்ல பொருள்தானே, கெடுதல் என்ன’ என்ற எண்ணமும் ஆபத்தானது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களுக்கு நடந்து 1994இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. வைட்டமின் ஈ அதிக அளவில் எடுத்தால், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு ரத்தக்கசிவு வரலாம். வைட்டமின் சி மிகுந்த அளவில் உடலில் இருந்தால் சில வீட்டுச் சர்க்கரைக் கருவிகள் தவறான எண் காட்டும். ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருக்கும் நாளில் அது விளையாட்டல்ல. நெல்லிக்காயும் கீரையும் பழமும் தாராளமாகச் சாப்பிடுங்கள். அவை உணவு.

மெத்தில்கோபாலமின் எழுதித் தந்திருக்கிறார்களே?

வைட்டமின் பி12இன் ஒரு வடிவம். குறைபாடு இருந்தால் அவசியம். முகவாதத்தில் அதன் பயனைக் காட்டும் ஆய்வுகள் சிறியவை. ஸ்டீராய்டுக்குப் பதிலாக அதை மட்டும் எடுப்பது சரியல்ல.

பஸ்ஸில் ஜன்னலோரம் குளிர்காற்று பட்டதால் வந்தது என்கிறார்கள்.

நிரூபிக்கப்படவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்ததற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

ஏழு மாதக் கர்ப்பிணிக்கு வந்திருக்கிறது. குழந்தைக்கு ஆபத்தா?

முகவாதம் நேரடியாகக் குழந்தையைப் பாதிக்காது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இது வழக்கத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் வருகிறது. கர்ப்பகால ரத்த அழுத்த நோயோடு இதற்குத் தொடர்பு உண்டு என்பதால் அன்றே ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். ஆக்சிஜனேற்றத் தடயங்கள் கர்ப்பத்தாலேயே மாறும், ஆகவே அந்தப் பரிசோதனைக்கு இங்கே இடமே இல்லை. ஸ்டீராய்டு பற்றி மகப்பேறு மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

மருத்துவக் கல்லூரியில் இதே ஆய்வுக்கு ரத்தம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுங்கள். மேலே நான் அடுக்கிய குறைகளெல்லாம் பெரிய, பொறுமையான ஆய்வுகளால்தான் நீங்கும். அதற்கு உங்களைப் போன்றவர்களின் ரத்தம் தேவை. ஒப்புதல் படிவத்தை முழுதாகப் படித்துக் கையெழுத்திடுங்கள். பரிசோதனைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. ஆய்வுக்காக ஸ்டீராய்டு தொடங்குவதைத் தள்ளிப்போடவும் கூடாது. ரத்தம் எடுக்க ஐந்து நிமிடம் போதும், மாத்திரையை அதற்கு அடுத்த நிமிடமே விழுங்கலாம். புகைப்பழக்கம், சர்க்கரை, சாப்பிடும் வைட்டமின்கள் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வாய் கோணியதை முதலில் கவனித்த நேரத்தையும், மருந்து ஏற்கெனவே தொடங்கியிருந்தால் முதல் மாத்திரை போட்ட நேரத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அந்த இரண்டு நேரங்கள் தெரியாததாலேயே எத்தனையோ குழாய்களை நாங்கள் கணக்கில் சேர்க்க முடியாமல் ஒதுக்கியிருக்கிறோம்.